மேலே இருக்கும் வரியைப் படிப்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வருடம் நம் கூட்டமைப்பில் இன்டர்நெட் பார்க்கப் பயிற்சி வைத்தோம். வட்டமாக, பல நிறத்தில் இருக்கும் குரோம் படத்தைத் தொடணும், வேண்டியதைக் கேட்கணும், முதலில் வருவதைத் தொடணும். இவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தோம். அது அரைகுறைப் பாடம். அதற்கு விலை கொடுத்தவர் நம் குழு அக்கா ஒருவர்.

பட்டா பார்க்கத் தேடினார். முதலில் வந்த பக்கத்தைத் தொட்டார். 50 ரூபாய் கட்டணம் என்றது. ஏடிஎம் கார்டு எண்ணைப் போட்டார், போனுக்கு வந்த ஓடிபியையும் போட்டார். கணக்கில் இருந்த 4,800 ரூபாய் போய்விட்டது. குழுக்கடன் தவணைக்கு வைத்திருந்த காசு அது. இரண்டு வாரம் வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. "பொம்பளைக்கு எதுக்குப் போனு"ன்னு சொல்லிடுவாங்களேன்னு பயம். உடனே சொல்லியிருந்தால் 1930 என்ற எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்திருப்போம். பணத்தை நடுவில் நிறுத்தி வைக்க வழி இருந்திருக்கும். தவறு அவருடையது இல்லை, நம்முடையது.

சேலம் பஸ் ஸ்டாண்டில் போர்டைப் பார்க்காமல் பஸ் ஏறுவோமா? பிரவுசரிலும் போர்டு உண்டு. திரையின் ஓரத்தில், பெரும்பாலும் மேலே, ஒரு வரி இருக்கும். அதுதான் பக்கத்தின் முகவரி. தேடும்போது முதலில் வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாகவும் இருக்கலாம். பெயரும் கோபுரப் படமும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். முகவரியை அப்படிப் போட முடியாது. 'கவ் டாட் இன்' என்று முடியும் முகவரி அரசுக்கு மட்டுமே கிடைக்கும். ஆனால் நடுவில் 'கவ்' என்று வந்து கடைசியில் 'காம்' என்று முடிந்தால் அது அரசுப் பக்கம் இல்லை. சாய்ந்த கோடு வந்தால் அதற்கு முந்தி எப்படி முடிகிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் 'எச்டிடிபிஎஸ்' என்று கோடுகளோடு வருவதை விட்டுவிடுங்கள்.

இங்கிலீஷ் தெரியாதே என்று பல பேர் கேட்டீங்க. ஜி, ஓ, வி, ஒரு புள்ளி, ஐ, என். ஐந்தே எழுத்து. குழு நோட்டில் கையெழுத்துப் போடப் பழகினோமே, அதைவிடவா கஷ்டம்? அரசுப் பக்கத்தில் பட்டா, சிட்டா பார்க்கக் காசே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவக் கிராமத்தில், அமெரிக்கக் கடற்படையின் பக்கத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போகிறவர்களின் உயிர் விஷயம். யாருடையது என்று தெரியாத பக்கத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா?

நம் மலையில் அலை என்றால் காப்பி விலைதான். காப்பி வாரியத்தின் பக்கமும் அதே ஐந்து எழுத்தில்தான் முடியும். அதில் வரும் விலை 50 கிலோ மூட்டைக்கு. ஐம்பதால் வகுத்தால் கிலோ விலை. தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த பார்ச்மெண்டுக்கு ஒரு விலை, பழத்தோடு காயவைத்த செர்ரிக்கு வேறு விலை. அரபிகா, ரொபஸ்டா என்றும் தனித்தனி. வியாபாரி பச்சைப் பழத்துக்குச் சொல்லும் விலையை இதோடு நேராக ஒப்பிட்டு அவரிடம் சண்டைக்குப் போகாதீங்க. காய்ந்தால் எடை பாதிக்கும் கீழே போய்விடும். நேற்றைக்கு இன்று ஏறியதா இறங்கியதா என்று பார்த்துக்கொண்டு பேரம் பேசுங்க, அது போதும்.

அடுத்த கூட்டத்துக்குப் போனில் சார்ஜ் போட்டு வாங்க. மண்டபத்துக்குள் சிக்னல் கிடைக்காது, வெளியே சில்வர் ஓக் மரத்தடியில் உட்காருவோம். முதலில் முகவரியைப் படித்துக் காட்டப்போவது பணம் இழந்த அந்த அக்காதான். அவரே கேட்டு வாங்கிய வேலை அது.