செவிலியமும் ஏட்டறிவும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. செவிலியக் கல்வியில் பயிலும் கோட்பாடுகளைப் பற்றியும் பலர் இவ்வாறே கூறுவர். ஊசி போடவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் கோட்பாடு எதற்கு என்பது அவர்தம் வினா. செவிலியம் பயிலும் எங்களுக்கும் இவ்வினா எழாமல் இல்லை. விடை தேடுவதற்கு வைட்ஃபீல்டு ஏற்ற இடம்.

1882-இல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் அளித்த நிலத்திலே ஆங்கிலோ இந்தியரின் குடியேற்றமாகத் தோன்றிய இவ்வூர், இன்று பெங்களூரின் ஒரு பகுதி. கணினித் தொழிலையும் கட்டட வேலையையும் நாடிப் பல மாநிலத்தவர் இங்கு வந்து வாழ்கின்றனர். தமிழரும் அவர்களுள் அடங்குவர். இங்குள்ள ஸ்ரீ சத்திய சாயி உயர் மருத்துவ அறிவியல் நிறுவனம் 2001-இல் தொடங்கிக் கட்டணம் பெறாமலே இருதய சிகிச்சை அளித்து வருகிறது.

இருதய அறுவை சிகிச்சை பெற்ற ஒருவரை எண்ணிப் பார்ப்போம். முதல் நாள் அவருக்கு வேண்டிய யாவற்றையும் செவிலியரே செய்தல் வேண்டும். சில நாளில் அவர் தாமே பல் துலக்குவார். முதுகைத் துடைக்க மட்டும் துணை வேண்டும். வீடு திரும்பும் நாளிலோ அவருக்கு வேண்டுவது மருந்து, உணவு, நடை பற்றிய அறிவுரையே. அமெரிக்கச் செவிலிய அறிஞர் டொரோத்தியா ஓரெம் 1971-இல் வெளியிட்ட நூலில் இம்மூன்று நிலைகளையும் வகுத்துரைத்தார். இதை அறியாதவர், அன்பு மிகுதியால் கடைசி நாள் வரையில் ஊட்டிக்கொண்டே இருப்பர். வீடு சென்றதும் நோயாளி திகைப்பார். கையை எப்போது நீட்டுவது, எப்போது விலக்குவது என்பதைக் கோட்பாடு கற்பிக்கிறது.

வர்ஜீனியா ஹெண்டர்சன் என்னும் மற்றோர் அறிஞர் மனிதனின் தேவைகளைப் பதினான்காக வகுத்தார். மூச்சு விடுதல், உண்ணல், உறங்கல் முதலியவற்றோடு, தன் அச்சத்தையும் தேவையையும் பிறருக்கு எடுத்துரைத்தலும் அதில் அடங்கும். தேர்வுக்கு மனனம் செய்யும்போது இது வெறும் பத்தாம் எண். கன்னடம் அறியாத தமிழ்த் தாய் ஒருத்தி, வலி குத்துகிறதா, எரிகிறதா, அழுத்துகிறதா என்று சொல்ல இயலாமல் விழிக்கும்போது அதன் பொருள் விளங்குகிறது. மொழி உபசாரம் அன்று. மூச்சைப் போல ஒரு தேவை.

ஒரு செவிலியர் பல நோயாளிகளைக் கவனிக்கையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. படிவம் நிரப்புவதுதான் கோட்பாடு என்றால் அது சுரைக்காயே. ஆயினும், இரத்த அழுத்தம் பார்ப்பதற்காகக் கையில் பட்டையைச் சுற்றும் அரை நிமிஷத்திலே, “இரவு தூங்கினீர்களா? மனத்தில் ஏதேனும் பயமா?” என்று கேட்கத் தனி நேரம் வேண்டுவதில்லை.

அயல் மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு முதியவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது, அவர் பேசும் மொழி, உண்ணும் உணவு, தாமே செய்துகொள்ளக் கூடியவை ஆகிய மூன்றையும் செவிலியரிடம் முதலிலேயே கூறுங்கள். அவ்வூர் மொழியின் இன்றியமையாத சொற்கள் சிலவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள். கன்னடத்தில் வலியை ‘நோவு’ என்பர். தண்ணீரை ‘நீரு’ என்பர். நம் பாட்டிமாருக்கு அவை அயற்சொற்கள் அல்லவே!