கூடிச் செய்த இசை



கலைக்குப் பிரதானமானது மேதைமை என்றும், அது வாய்க்கப் பெற்றவனுக்கு மற்றவையெல்லாம் தாமே வந்து சேரும் என்றும் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். மேதைமையின் மகிமையை நான் மறுக்கவில்லை. ஆயினும் இசைக்கு ஒண்ட ஓர் இடமும், கேட்க வருவோருக்குத் திறந்த கதவும், வரவு செலவை ஒளிவின்றி எழுதிவைக்கும் ஒரு கையும் இல்லாவிட்டால், அது பிறந்த அறையிலேயே அடங்கிப்போகும் என்பதை, வர்த்தக நிறுவனங்களின் தயவை நாடாமல் தாமே இசைத்தட்டு வெளியிட்டும் தாமே அரங்கு நடத்தியும் வந்த சில அமெரிக்க இளைஞர்களின் சரித்திரத்தைக் கொண்டு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1980-ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில், இன்று பட்டம் பெறும் உங்களைவிட இளையவர்களான நால்வர் நடத்திய டீன் ஐடில்ஸ் என்ற பங்க் இசைக்குழு, ஏறக்குறைய ஓராண்டு வாசித்துவிட்டுக் கலைந்தது. கச்சேரிகளில் கிடைத்த பணத்தை அவர்கள் பங்கிடாமல் பொதுவில் சேர்த்து வைத்திருந்தார்கள். அது சுமார் 600 டாலர். குழுவே இல்லாமற்போன பின்பு ஆளுக்கொரு பங்காக அதைப் பிரித்துக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களோ, டான் சியென்டாரா என்பவர் ஆர்லிங்டனில் தம் வீட்டிலேயே நடத்திவந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் முன்னமே பதிந்திருந்த பாடல்களில் எட்டை, ஒரு சிறு தட்டாக 1,000 பிரதிகள் வெளியிடுவதென்று தீர்மானித்தார்கள். டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனம் அப்படித்தான் உதயமாயிற்று. தட்டுக்கு உறை வேண்டுமே! அட்டையில் அச்சடித்து, நண்பர்களோடு உட்கார்ந்து கத்தரியால் வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். விற்று வந்த பணம் அடுத்த குழுவின் தட்டுக்கு மூலதனமாயிற்று. அந்த நால்வரில் இருவரான இயன் மக்கையும் ஜெஃப் நெல்சனும் வளர்த்த அந்நிறுவனம், தன் ஊர்க் குழுக்களின் இசையை மட்டுமே வெளியிடுவதென்றும், எழுத்து மூலமான ஒப்பந்தம் இன்றி லாபத்தைக் குழுவினரோடு பகிர்வதென்றும் வைத்துக்கொண்ட நெறி, சட்டம் பயின்றவர்களுக்கு வியப்பளிக்கலாம். பரஸ்பர நம்பிக்கையை நாள்தோறும் காப்பாற்ற வேண்டியவனுக்கு அதைவிடக் கடினமான ஒப்பந்தம் வேறில்லை என்பது என் துணிபு.

டீன் ஐடில்ஸ் குழுவினர் பெரிதும் கவலைப்பட்டது அரங்கின் வாசலைப் பற்றித்தான். மதுவிற்பனையை நம்பி நடந்த அரங்குகள், குடிக்கும் வயது வராதவர்களை உள்ளே விட அஞ்சின. குழு கலையுமுன், 1980-இல் அவர்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கு வாசிக்கச் சென்றபோது, இவர்களுக்கு மது தரலாகாது என்பதற்கு அடையாளமாக அங்கிருந்த அரங்கினர் அவர்களுடைய புறங்கையில் கறுப்பு மையால் பெருக்கற்குறி இட்டார்கள். தடையைக் குறித்த அந்த அடையாளத்தையே அவர்கள் ஊர் திரும்பி, நாங்கள் குடிக்க மாட்டோம், இசை கேட்க மட்டும் விடுங்கள் என்று அரங்கினரிடம் முறையிடும் சாதனமாக்கிக்கொண்டார்கள். பின்னர் மக்கை முதலியோர் தோற்றுவித்து, 1987-இல் மேடையேறிய ஃபுகாசி என்ற குழு, எல்லா வயதினருக்கும் அனுமதி, கட்டணம் பெரும்பாலும் 5 டாலர் என்ற நியமத்தோடு ஊர் ஊராக வாசித்தது.

இதே போல் அமெரிக்காவின் மேற்குக் கரையில், பெர்க்லி நகரின் கில்மன் வீதி 924-ஆம் எண் கட்டடத்தில், 1986 டிசம்பர் 31-ஆம் தேதி தொடங்கிய அரங்கை, ஊதியம் பெறாத தொண்டர்கள் கூட்டம் கூடி முடிவெடுத்து நடத்தினார்கள். கதவில் சீட்டுப் பார்ப்பதும், கச்சேரி முடிந்தபின் தரை கூட்டுவதும் அவர்களே. பெரும் நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்ட குழுக்களுக்கு அங்கே மேடையில்லை என்ற விதியால், அங்கேயே வளர்ந்த கிரீன் டே குழுவும் நெடுங்காலம் விலகி நிற்க நேர்ந்தது. விதி கடுமையானதுதான், ஆனால் வேறு மேடை இல்லாத புதியவனுக்கு அந்த ஒரு மேடையையாவது ஒதுக்கிவைத்தது என்பதால் நான் அதன் பக்கமே நிற்கிறேன்.

உங்களில் பாடத் தெரிந்தவர்கள் சிலரே இருக்கக்கூடும். கணக்கியலும் சட்டமும் பொறியியலும் பயின்ற மற்றவர்களைத்தான் நான் முக்கியமாக வேண்டிக்கொள்கிறேன். உங்கள் ஊரில் நாலு பிள்ளைகள் வாத்தியங்களோடு ஓர் அறையை வாடகைக்குத் தேடி வந்தால், வாடகைப் பத்திரத்தை அவர்களுக்காகப் படித்துப் பாருங்கள். மின்கம்பி இணைப்பைச் சோதித்துக் கொடுங்கள். மாதம் ஒரு மாலை உட்கார்ந்து அவர்களுடைய கணக்கை எழுதிக் கொடுங்கள்.