நாலு நிமிஷப் பாட்டும் நம்மை உயர்த்தும்

(தலைப்பு: ஒருவரை உயர்த்துவது பெரிய வாய்ப்பா? சின்ன வேலையிலும் காட்டும் சிரத்தையா?)



எனக்கு முன்னால் பேசிய தம்பி சொன்னார்: "பெரிய வாய்ப்பு ஒண்ணு கிடைச்சா போதும், மனுஷன் மேலே போயிடுவான்." சரி தம்பி, போனதுக்கு அப்புறம்? அதைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார். (சிரிப்பு) நான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் டேனியல் பெர்ல் என்று ஓர் ஒளிப்பதிவாளர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1973 கோடையில், இருபதைச் சற்றே தாண்டிய வயதில், டோப் ஹூப்பர் இயக்கிய 'தி டெக்சாஸ் செயின் சா மசாக்கர்' படத்திற்கு ஒளிப்பதிவு செய்தார். ரம்பத்தை வைத்துக்கொண்டு துரத்துகிற கதை. தயவுசெய்து, சோறு ஊட்டும்போது பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிடாதீங்க! (சிரிப்பு)

கையில் காசு இல்லை. 16 மி.மீ. ஃபிலிம். கொளுத்துகிற வெயில். அதிலே ஒரு காட்சி. ஊஞ்சலில் இருந்த பெண் எழுந்து ஒரு வீட்டை நோக்கி நடக்கிறாள். கேமரா தரையோடு தரையாக ஊஞ்சலுக்கு அடியில் புகுந்து அவள் பின்னாலேயே போகிறது. அவள் நடக்க நடக்க வீடு பெரிதாகிக்கொண்டே வருகிறது. ரத்தம் இல்லை, அலறல் இல்லை. நமக்கு வயிறு கலங்குகிறது! 1974-இல் வந்த அந்தப் படத்தை 2024-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

தம்பி கணக்குப்படி கதை அங்கேயே முடிந்துவிட வேண்டும். ஆனால் அதன்பின் அவர் பெயரை நிலைநிறுத்தியது பெரிய படங்களா? இல்லை ஐயா, நாலு நிமிஷப் பாட்டுகள்!

1981-இல் எம்.டி.வி. தொடங்கியது. பாட்டு வந்தால் முறுக்கு வாங்க எழுந்து போகிற ஜனம் நாம். 'பாட்டுத்தானே' என்று அவர் நினைத்தாரா? 1983-இல் 'தி போலீஸ்' இசைக்குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டு. வெறும் கறுப்பு வெள்ளை. சாம்பல் கிண்ணத்தின் வட்டம் மெல்லக் கரைந்து முரசின் வட்டமாகிறது. பின்னால் பெரிய ஜன்னல். ஏணியில் நின்று ஒருவர் அதைத் துடைக்கிறார். அவ்வளவுதான். வெளிச்சமும் நிழலுமே பேசுகின்றன. 1984-இல் எம்.டி.வி. முதன்முதலாக விருது வழங்கியபோது, சிறந்த ஒளிப்பதிவு விருது அவருக்கு! (கைதட்டல்)

1992-இல் 'கன்ஸ் என் ரோசஸ்' குழுவின் 'நவம்பர் ரெயின்'. வெட்டவெளியில் ஒற்றைத் தேவாலயம், அதன் முன்னே கிட்டார் வாசிக்கும் கலைஞர். மறுபடியும் அதே விருது. மைக் சவுதனோடு பகிர்ந்துகொண்டார்.

இனிமேல்தான் வேடிக்கை. 2003-இல் அந்த ரம்பப் படத்தை மறுபடி எடுத்தார்கள். இயக்குநர் மார்கஸ் நிஸ்பெல், பாட்டுக் காட்சிகள் எடுத்து வளர்ந்தவர். ஒளிப்பதிவு? அதே டேனியல் பெர்ல்! முப்பது வருஷம் கழித்து அதே கதைக்கு அதே கண். தம்பி, பெரிய வாய்ப்பு கதவைத் தட்டும். ஆனால் நடுவில் இருக்கிற முப்பது வருஷத்தை யார் வாழ்வது? சின்ன வேலைதான் வாழ வைக்கிறது.

என்னிடம் படித்த பையன் ஒருவன் கல்யாண வீடியோ எடுக்கிறான். அவன் அப்பா என்னிடம், "இதெல்லாம் ஒரு வேலையா சார்?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "ஐயா, தாலி ஏறுகிற நேரத்தில் எல்லோரும் மணமக்களைப் பார்ப்பார்கள். உங்க பையன் ஓரத்தில் கண்ணைத் துடைக்கிற தாத்தாவைப் பார்க்கிறான். பத்து வருஷம் கழித்து அந்தத் தாத்தா இருக்க மாட்டார். அந்த வீட்டுக்கு அவர் மிஞ்சியிருப்பது உங்க பையன் எடுத்த நாலு விநாடியில்தான். அது சின்ன வேலையா?"

பெற்றவர்களே, பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்காதீர்கள். அதை எப்படிப் பார்க்கிறான் என்று பாருங்கள். உயர்த்துவது சிரத்தையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)