எழுதி வையுங்கள், இளைஞர்களே!

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த கல்லூரி மாணவர்கள் சிலர் என்னிடம் வந்தனர். தங்கள் கல்லூரியில் மாணவர் வணிகக் கழகம் ஒன்றைத் தொடங்கவிருப்பதாகவும், அதற்காக துஆச் செய்யுமாறும் கேட்டனர். மனமார துஆச் செய்தேன். ஆனால் வெறும் துஆவோடு அவர்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவ்வாறு அனுப்பிவைத்த இருவரை நான் இன்னும் மறக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரே வகுப்பில் பயின்ற இரு நண்பர்கள் ரமளானில் பேரீச்சம்பழமும் அத்தரும் தொப்பியும் விற்கத் திட்டமிட்டனர். ஒருவர் தம் தாயார் சிறுகச் சிறுகச் சேர்த்த 20 ஆயிரம் ரூபாயை முதலாகப் போட்டார். மற்றவர் அலைந்து விற்பதாக ஒப்புக்கொண்டார். "ஹள்ரத், ஏதாவது எழுதிக்கொள்ள வேண்டுமா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். "நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு தம்பி? நம்பிக்கை போதும்" என்றேன் நான்.

பெருநாள் கழிந்தது. சரக்கில் ஒரு பகுதி தேங்கியது. கடனுக்கு விற்றதும் திரும்பவில்லை. நட்டத்தில் பாதி உன்னுடையது என்றார் ஒருவர். ஒரு மாத உழைப்பு வீணாயிற்றே, நான் ஏன் தர வேண்டும் என்றார் மற்றவர். என்ன பேசினோம் என்பதற்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. இன்று ஒருவர் முதல் ஸஃப்பில் நின்றால் மற்றவர் கடைசி ஸஃப்புக்குச் செல்கிறார்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சாட்சிகளை ஏற்படுத்துங்கள், தொகை சிறிதானாலும் எழுதச் சோம்பாதீர்கள் என்று கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். அதை ஓதிப் பொருள் சொல்லும் நானே, அந்தப் பிள்ளைகளுக்கு அதற்கு மாறான சொல்லைச் சொல்லிவிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது என்ன? ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் தரும் இந்த வணிகத்திற்கு முளாரபா என்று பெயர். லாபத்தை முன்கூட்டியே பேசிய விகிதப்படி பிரித்துக்கொள்ள வேண்டும். நட்டம் வந்தால் பணத்தின் இழப்பு முதல் போட்டவரையே சாரும். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். அவர் கவனக்குறைவாக நடந்திருந்தாலோ நிபந்தனையை மீறியிருந்தாலோதான் பொறுப்பேற்க வேண்டும். கடனுக்கு விற்க அனுமதி உண்டா என்பதையும் பேசியிருக்க வேண்டும்; முதல் போட்டவரின் அனுமதியின்றிக் கடனுக்கு விற்கக்கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். இவற்றை நான்கு வரிகளில் எழுதியிருந்தால், அந்தத் தாயும் அறிந்தே பணத்தைக் கொடுத்திருப்பார். அந்த நட்பும் பிழைத்திருக்கும்.

அருமைப் பெற்றோர்களே! இதைக் கேட்டு, வணிகமே வேண்டாம் என்று பிள்ளைகளைத் தடுத்துவிடாதீர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன், அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஏற்றுக்கொண்டு ஷாம் தேசம் சென்று வணிகம் செய்தார்கள். மதீனாவில் ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அதைப் பெறாமல் கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வாழ்வைத் தொடங்கினார்கள்.

நம் மண்ணிலும் கல்விக் கூடங்களை எழுப்பியவர்கள் வணிகர்களே. 1919இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் தோன்றிய திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சமுதாய வணிகர்களின் கொடையால் வளர்ந்தவை. அத்தகைய கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர், பட்டம் பெற்றதும் விசா எப்போது வரும் என்று மட்டுமே கேட்கின்றனர். வணிகக் கழகம் அவர்களுக்கு வேறொரு வாசலையும் காட்டட்டும்.

அந்த வாசலுக்கு அமானிதமே படிக்கட்டு. ஆகவே கழகம் தொடங்கும் இளைஞர்களே, இவற்றைக் கருத்தில் கொள்ளுங்கள்.

முதலாவது, கல்லூரி முதல்வரின் அனுமதியையும் ஒரு பேராசிரியரின் வழிகாட்டுதலையும் பெற்ற பின்னரே தொடங்குங்கள். கழகம் எல்லாச் சமயத்து மாணவ மாணவியருக்கும் உரியதாக இருக்கட்டும். வாங்குபவர் யாராயினும் நேர்மை ஒன்றே.

இரண்டாவது, கழகத்தின் பணம் எவருடைய சொந்தப் பணமும் அல்ல. சந்தா ஒவ்வொன்றுக்கும் ரசீது கொடுங்கள். வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். மாணவர்கள் படிப்பு முடிந்து செல்பவர்கள். எனவே ஆண்டுதோறும் பழைய பொருளாளர், அனைவர் முன்னிலையிலும் கணக்கைப் புதியவரிடம் ஒப்படைக்கட்டும்.

மூன்றாவது, உறுப்பினர் எவரேனும் கூட்டாக வணிகம் செய்தால், யாருடைய முதல் எவ்வளவு, லாப விகிதம் என்ன, நட்டம் யாருடையது, இடையில் விலகினால் எப்படி என்பதை எழுதிக் கையொப்பமிடச் செய்யுங்கள். மாதந்தோறும் இவ்வளவு நிச்சயம் தருவேன் என்று எவரும் வாக்களிக்க வேண்டாம். முதலும் பத்திரம், வரவும் நிச்சயம் என்றால், அது வணிகத்தின் பெயரில் வரும் வட்டியே.

நான்காவது, விற்கும் பொருளின் குறையை மறைக்காதீர்கள். தானியக் குவியலுக்குள் கை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்ததை முஸ்லிம் நூலில் காண்கிறோம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர். குறையுள்ள ஒரு துணியை, அக்குறையைச் சொல்லாமல் கூட்டாளி விற்றுவிட்டார் என்று அறிந்ததும், அதன் கிரயம் முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

ஐந்தாவது, ஆள் சேர்த்தால் பணம் என்று அழைப்பவர்களைக் கழகத்தின் வாசலிலேயே நிறுத்துங்கள். பணச் சுழற்சித் திட்டங்களை நம் நாட்டுச் சட்டம் 1978இலேயே தடை செய்துள்ளது. பெரும்பாலும் மாணவர்களின் நட்பு வட்டமே இத்தகையோருக்கு மூலதனமாகிறது.

சகோதரர்களே! கூட்டாளிகளில் பலர் ஒருவருக்கொருவர் அநீதி இழைக்கிறார்கள், ஈமான் கொண்டு நற்செயல் புரிவோரைத் தவிர. அத்தகையோரோ மிகக் குறைவு என்ற உண்மையை ஸாத் அத்தியாயத்தில் தாவூத் (அலை) அவர்களின் வாயிலாக அல்லாஹ் நமக்கு அறிவிக்கிறான். அந்தக் குறைவானோரில் நம் பிள்ளைகள் இடம்பெற வேண்டும். அதற்கான பயிற்சியைச் சிறிய தொகையில், கல்லூரியிலேயே பெறுவது எவ்வளவு பெரிய நிஃமத்!

சென்ற வாரம் வந்த மாணவர்களைப் பள்ளியிலேயே அமரவைத்தேன். மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் ஒரு பக்க அளவில் விதிமுறைகளை எழுதினோம். "நண்பர்களுக்குள் இதெல்லாம் தேவையா ஹள்ரத்?" என்று அவர்களில் ஒருவர் தயங்கினார். "நண்பர்களாகவே இருப்பதற்குத்தான் தம்பி" என்றேன்.

முதல் போட்ட அந்தப் பிள்ளையின் தாயார் ஒருமுறை ஆளனுப்பி என்னிடம் சொன்னார்: "பணம் போனால் போகட்டும். அந்தப் பிள்ளையோடு என் மகன் பேசினால் போதும்." அந்த இருவரையும் ஒரே ஸஃப்பில் நிறுத்த நான் இன்னும் முயன்று வருகிறேன். உங்கள் துஆவில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் மக்களின் வணிகத்தில் பரக்கத்தையும், நாவில் உண்மையையும், கணக்கில் தூய்மையையும் தந்தருள்வானாக! கூட்டாளிகளின் உள்ளங்களை ஒன்றிணைப்பானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.