ஒரு கட்டளையும் ஒரு படைப்பயணமும்
(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)





புளியந்தீவிலே வாவிக் கரையோரம் நிற்கும் பழங்கோட்டையை நாம் அனைவரும் அறிவோம். போர்த்துக்கேயர் கட்டியது, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது, 1795 இல் ஆங்கிலேயர் வசமானது. நாள்தோறும் அதன் பக்கமாய்ப் போய்வருகிறோம். ஆயினும் அங்கிருந்து கண்டி வரை நடந்துசென்ற ஒரு படையின் கதையை நம்மிற் பலர் கேட்டதில்லை. அதனையே இன்று சொல்ல விரும்புகிறோம்.

1803 ஆம் ஆண்டிலே தேசாதிபதி நோர்த் கண்டிமீது படையனுப்பினார். நகரம் எளிதிற் கைக்கு வந்தது. ஆனால் அதனை வைத்திருக்க முடியவில்லை. காய்ச்சலும் பட்டினியும் படையை வாட்டின. யூன் மாதத்தில் மேஜர் டேவி சரணடைந்தார். அவருடைய வெள்ளைச் சிப்பாய்கள் மகாவலி கங்கைக் கரையருகே கொல்லப்பட்டனர். அப்பொழுது கண்டியில் அரசிருந்தவர் நாயக்கர் மரபினரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்.

மறு ஆண்டில் ஆங்கிலேயர் மீண்டும் ஒரு திட்டம் வகுத்தனர். கரையோர நிலையங்கள் பலவற்றிலிருந்தும் படைகள் புறப்பட்டு, குறித்த நாளிலே கண்டியில் ஒன்றுகூட வேண்டும் என்பதே அத்திட்டம். அந்நாளில் மட்டக்களப்பில் படைத்தலைமை வகித்தவர் கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன். 1778 இல் பிறந்தவர். ஏறத்தாழ இருபத்தாறு வயது இளைஞர். செப்டெம்பர் 20 ஆம் திகதி புறப்படுமாறு தளபதி வீம்ஸ் அவருக்குக் கட்டளை அனுப்பினார்.

பின்னர் திட்டம் மாறியது. தளபதி இரண்டாவது கடிதம் ஒன்றை எழுதினார். படையெடுப்பு இப்போதைக்கு இல்லை என்பதே அவர் மனத்திலிருந்த கருத்து. ஆனால் “புறப்படாதே” என்ற வெளிப்படையான சொல் அக்கடிதத்தில் இல்லை. ஜோன்ஸ்டன் அதனை வாசித்தார். முதற் கட்டளை நீங்கவில்லை என்றே கொண்டார். குறித்த நாளிலே புறப்பட்டார்.

வெள்ளையரும் மலாயரும் சிப்பாய்களுமாக ஏறக்குறைய 300 போர்வீரர். அவர்களுடன் பாதை வெட்டுவோரும் சுமையாட்களுமாக 500 பேருக்கு மேல். அரிசியும் வெடிமருந்தும் இவர்கள் தோளிலேதான் ஏறின. வெல்லஸ்ஸக் காடுகளைக் கடந்து, மலையேறி, ஒக்டோபர் 6 ஆம் திகதி கண்டியை அடைந்தனர். நகரம் வெறுமையாய்க் கிடந்தது. அரண்மனையிலே தங்கி, மற்றப் படைகளின் வரவை எதிர்பார்த்தனர். ஒரு படையும் வரவில்லை. வரப்போவதும் இல்லை!

அன்பர்களே, அந்த இளைஞரின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். உணவு குறைகிறது, மாரி நெருங்குகிறது, சுற்றிலும் மலையெங்கும் கண்டியர். அவர் திருகோணமலைப் பாதையாற் பின்வாங்கத் தீர்மானித்தார். டேவியின் வீரர் மாண்ட இடத்தை ஒட்டியே அப்பாதை சென்றது. கண்டியரின் போர்முறை தனித்தன்மை வாய்ந்தது. வரும் படையை உள்ளே வரவிடுவார்கள், திரும்பும்போது மரங்களை வெட்டிப் பாதையை மறிப்பார்கள், மறைந்திருந்து சுடுவார்கள், சுமையாட்களைச் சிதறடித்து உணவை இல்லாமற் செய்வார்கள். தம் நாட்டைக் காப்பவர்களுக்கு மலையும் காடும் மழையுமே கோட்டை. பசியும் நோயும் துப்பாக்கிச் சூடும் தொடர, ஒக்டோபர் பிற்பகுதியிலே எஞ்சியோர் திருகோணமலை சேர்ந்தனர். மிகப் பலர் நேரே வைத்தியசாலைக்கே போகவேண்டியதாயிற்று. அங்கே உயிர் நீத்தோரும் பலர்.

கட்டளையை மீறினார் என்று ஜோன்ஸ்டன் இராணுவ நீதிமன்றில் நிறுத்தப்பட்டார். குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். 1810 இல் இலண்டனில் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. கண்டியரின் போர்முறையை அதில் அவர் நிதானமாக ஆராய்ந்தார். 1815 இல் ஆங்கிலேயர் எட்டுப் பிரிவுகளாகக் கண்டிக்குள் நுழைந்தனர். பிரதானிகள் சிலர் அரசனைக் கைவிட்டமையும் அவர்களுக்குத் துணையாயிற்று. கண்டி இராச்சியம் வீழ்ந்தது. அரசன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832 இல் அங்கேயே மறைந்தார்.

அந்நியப் படையின் புகழைப் பாட நாம் இக்கதையைச் சொல்லவில்லை. இதிலே நமக்குப் பாடங்கள் உண்டு.

பெரியோர்களே, கட்டளையிடும் இடத்தில் இருப்பவருக்குச் சொல்லிலே தெளிவு வேண்டும். மனத்தில் உள்ளது தாளிலே இல்லாவிட்டால், அதற்கான விலையைக் கொடுப்பவர் எழுதியவர் அல்லர், நடப்பவரே. இளைஞர்களே, ஐயம் எழுந்தால் கேளுங்கள். கேட்பது பணிவின்மை ஆகாது. புறப்படும் ஆர்வம் நிறைந்த கண்ணுக்குக் கடிதமெல்லாம் “போ” என்றே தோன்றும்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறோம். அந்தப் பயணத்தின் வரலாற்றிலே அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சுமை தூக்கியவர்களுக்கு எண்ணிக்கை மட்டுமே உண்டு. அவர்கள் போரை விரும்பியவர்களும் அல்லர்; அதனால் இலாபம் கண்டவர்களும் அல்லர். ஆனால் அவர்கள் தோள் இல்லாமல் அப்படை ஒருநாளும் நடந்திராது. நமது மன்றத்திலும் பந்தற்கால் நடுபவர், தண்ணீர் சுமப்பவர், பாய் விரிப்பவர் பலர் இருக்கிறார்கள். விழா மலரிலே அவர்கள் பெயரும் இடம்பெறட்டும். கோட்டையைக் கடக்கும்போது, பெயரில்லாத அந்த ஐந்நூறு பேரையும் ஒரு கணம் நினைப்போமாக.