மருத்துவக் கனவும் அருகிலுள்ள தொண்டும்

(ஆலய இளைஞர் பிரிவின் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்பதாகும். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகின்றார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றும் எவருக்கும் எளிதில் நினைவுக்கு வருவன. நான்காவதாக அவர் வைப்பது, நோயாளியின் அருகிலிருந்து பேணுகின்றவரை. மருத்துவராக விரும்பும் மாணவர் முதலில் இந்த நான்காமவரின் இடத்தில் சிறிது காலம் நின்று பார்த்தல் வேண்டும் என்பதே இவ்வுரையின் சாரமாகும்.

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுகளை எழுதி முடித்து முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில், மருத்துவக் கனவு கொண்ட பிள்ளைகளின் இல்லங்களில் ஒரு வினா எழுவதுண்டு. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் நான்கு வாரப் பயிற்சி என்று கூறும் விளம்பரத்தாளைப் பிள்ளை கொண்டுவந்து நீட்டுகின்றது. நேப்பாளம், தான்சானியா போன்ற நாடுகளின் பெயர்கள் அதில் காணப்படுகின்றன. முகவர் கட்டணம், விமானச்சீட்டு, தங்குமிடம், தடுப்பூசி, காப்புறுதி எனச் செலவு பல ஆயிரம் வெள்ளியாக விரிகின்றது. தந்தை சேமிப்புப் புத்தகத்தைப் புரட்டுகின்றார். தாய் தம் வளையல்களைப் பார்க்கின்றார். மருத்துவக் கல்லூரி நேர்காணலில் இது பிள்ளைக்குக் கைகொடுக்கும் என்னும் நம்பிக்கையே அவர்களை அவ்வாறு எண்ண வைக்கின்றது.

இங்கு இருவகைப் பயணங்களைப் பிரித்தறிதல் நலம். மருத்துவக் கல்லூரியில் சில ஆண்டுகள் பயின்ற மாணவர், தம் கல்லூரியின் ஒப்புதலோடு மற்றொரு நாட்டு மருத்துவமனைக்குச் சென்று, மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் சில வாரங்கள் பயிலுவது ஒருவகை. அதனால் விளையும் நன்மை பெரிது. உடற்கூறும் நோய்க்குறியும் அறிந்த கண்ணுக்கு அங்குக் காண்பவை பாடமாகின்றன. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பிள்ளை கட்டணம் செலுத்திச் செல்வது வேறுவகை. காயத்திற்குத் தையலிடவோ, ஊசி போடவோ, பிரசவ அறையில் கைகொடுக்கவோ வாய்ப்பு உண்டு என எவரேனும் ஆசை காட்டினால், பெற்றோர் அங்கேயே நின்று சிந்தித்தல் வேண்டும். நம் நாட்டு மருத்துவமனை எதுவும் அப்பிள்ளையின் கையில் ஊசியைக் கொடுக்காது. மற்றொரு நாட்டின் ஏழைத் தாயின் உடல் மட்டும் பழகிப் பார்க்கும் பலகையாகிவிடுமோ? தம்மைத் தொடுகின்றவர் மருத்துவரா மாணவரா என்று கேட்கவும் அத்தாய்க்கு வாய்ப்பில்லாமற் போகலாம்.

இக்கவலை உலக அளவில் பேசப்பட்ட ஒன்றே. வெளிநாடுகளில் நலவாழ்வுப் பயிற்சி பெறுவோர்க்கான அறநெறிகளை வல்லுநர் குழு ஒன்று 2010இல் வெளியிட்டது. வருகின்ற மாணவர்களால் அங்குள்ள மருத்துவமனைக்கு நேரும் சுமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமும் 2011இல், மருத்துவம் பயில விரும்பும் மாணவர்கள் வெளிநாடு சென்றாலும் தாம் பயிற்சி பெறாத செயல்களில் இறங்கலாகாது என அறிவுறுத்தியது.

இனி, அருகிலுள்ள வாய்ப்புகளைக் காண்போம். கோலாலம்பூரில் 1991இல் தொடங்கப்பெற்ற ஹோஸ்பிஸ் மலேசியா, குணப்படுத்தவியலாத நோயுற்றோரை அவர்தம் இல்லங்களுக்கே சென்று கட்டணமின்றிப் பேணி வருகின்றது. செயின்ட் ஜான் ஆம்புலன்சும் மலேசியச் செம்பிறைச் சங்கமும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. தைப்பூசத்தன்று பத்துமலையில் வெயிலில் மயங்கி விழுவோரைத் தாங்கிப் பிடிக்கும் சீருடை இளைஞர்களைக் காணாத பக்தர் இரார். சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையங்களும் முதியோர் இல்லங்களும் பல நகரங்களில் உள்ளன. சுத்திகரிப்புக்கு வரும் நோயாளி பெரும்பாலும் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், இயந்திரத்தின் அருகே அசையாது இருக்க வேண்டியவர். அந்நேரத்தில் நாளிதழ் வாசித்துக் காட்டவும் பேச்சுத் துணையாக இருக்கவும் ஒருவர் கிடைத்தால், அதுவே அவருக்குப் பேருதவியாகும்.

நம் பிள்ளைகளிடம் மற்றொரு செல்வமும் உண்டு, அது தாய்மொழி. தோட்டப்புறத்தில் வாழ்நாளைக் கழித்த மூதாட்டி தம் நோவைத் தமிழிலேயே சொல்ல அறிவார். குத்தல் வேறு, குடைச்சல் வேறு. எரிச்சல் வேறு, கடுப்பு வேறு. இழுத்துப் பிடிப்பது வேறு. இச்சொற்கள் அனைத்தும் 'வலி' என்னும் ஒரே சொல்லாகச் சுருங்கி மருத்துவரைச் சென்றடையும்போது, நோயின் அடையாளமும் சுருங்கிவிடுகின்றது. தாதியர் கேட்டுக்கொள்ளும்போது, அம்மூதாட்டி சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எடுத்துரைக்கத் தெரிந்த இளைஞர் அங்கு மிகவும் வேண்டப்படுபவர். மொழியறியாத நாட்டில் அவரே ஊமையாக நிற்க நேரும்.

உள்ளூர்த் தொண்டு எளிதன்று என்பதையும் மறைத்தலாகாது. அதில் புதுமை குறைவு. சக்கர நாற்காலி தள்ளுதல், படிவங்களை அடுக்குதல், தண்ணீர் கொடுத்தல் என ஒரே வேலை வாரந்தோறும் வரும். நோயாளியைப் படமெடுத்தலோ அவரைப் பற்றி வெளியிற் பேசுதலோ கூடாது. பழகிய முகம் ஒருநாள் படுக்கையில் இராது. மறுவாரமும் அங்குச் செல்ல மனம் இசைகின்றதா என்பதே தேர்வு. ஐந்தாண்டுப் படிப்பும் அதன்பின் 2008 முதல் ஈராண்டாக நீட்டிக்கப்பெற்ற பயிற்சி மருத்துவப் பணியும் காத்திருக்கின்றன. 2016இன் இறுதியில் ஒப்பந்த நியமன முறை வந்தபின், பட்டம் பெற்றதும் நிரந்தர அரசுப் பதவி உறுதி என்னும் நிலையும் மாறிவிட்டது. ஆகவே, 'இப்பணி எனக்கு ஏற்றதுதானா' என்னும் வினாவைப் பல இலட்சம் வெள்ளி கடன்பட்ட பின்னர் எழுப்புவதைவிட, ஆறாம் படிவத்திலேயே சனிக்கிழமைதோறும் எழுப்பிக்கொள்வது குடும்பத்திற்கும் நல்லது. ஏற்றதன்று எனத் தெரிந்தால் அதுவும் இழப்பாகாது.

வெளிநாட்டுப் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் பெற்றோர் நான்கு வினாக்களைக் கேட்டல் வேண்டும். பிள்ளை அங்குச் செய்யப்போவதை இங்கு அனுமதிப்பார்களா? மேற்பார்வையிடுபவர் யார்? நோயாளியின் ஒப்புதல் எவ்வாறு பெறப்படுகின்றது? கட்டணத்தில் அந்த மருத்துவமனைக்குச் சேர்வது எவ்வளவு? இவற்றிற்குத் தெளிவான விடை கிட்டாவிடின் வளையல்கள் கையிலேயே இருக்கட்டும்.

நேர்காணலில் அமர்ந்திருக்கும் பேராசிரியர், "என்ன செய்தீர்?" என்று வினவும்போது, நான்கு வார நிழற்படங்களைக் காட்டுவதைவிட, "ஓராண்டாக ஒரு முதியவரின் அருகில் அமர்ந்தேன், அவர் இதைக் கற்பித்தார்" என்று கூறும் மாணவரின் சொல்லில் உறுதி இருக்கும். வெளிநாடு எங்கும் போய்விடாது. கைத்திறன் வந்தபின் செல்லும் மாணவர் அங்குள்ளோர்க்கும் பயன்படுவார். அதுவரை, நான்காமவரின் இருக்கை ஊர்தோறும் காலியாகவே உள்ளது.