இளவேனிலும் கொடிமுந்திரித் தோட்டமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பெறும் எனக்கு, இம்முறை தோட்டம் பற்றிப் பேசுமாறு கட்டளை பிறந்துள்ளது. நம்மவருட் பலர் கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஏக்கரும் அரை ஏக்கருமாகப் பன்னீர்த் திராட்சைப் பந்தலிட்டு வாழ்பவராதலின், சித்திரை வைகாசியாகிய இளவேனிற்காலத்தில் அவர்தம் இல்லங்களில் இதுவன்றி வேறு பேச்சில்லை. ஆதலின் கட்டளை தக்கதே.

திராட்சைக்குக் கொடிமுந்திரி என்றும் நம் மொழியில் ஒரு பெயருண்டு. செய்யுட்சுவையை மூன்றாகப் பகுத்த புலவர்கள், எளிதிற் பொருள் தருவதைத் திராட்சாபாகம் என்றும், தோலுரித்து உண்பதுபோற் சிறிது முயன்று அறிவதைக் கதலீபாகம் என்றும், ஓட்டை உடைத்தாலன்றிச் சுவை தாராததை நாரிகேளபாகம் என்றும் வழங்கினர். இவை உண்பவனை நோக்கி இட்ட பெயர்கள். விளைவிப்பவனைக் கேட்டிருப்பின் வரிசை தலைகீழாகியிருக்கும். தென்னை வைத்தவன் இரவில் உறங்கலாம். மேகம் கறுத்த சித்திரை இரவில் திராட்சை வைத்தவனுக்கு உறக்கமேது?

இக்கொடி குளிர்நாடுகளில் இலையுதிர்த்துக் குளிர்காலம் முழுதும் உறங்கி, இளவேனிலில் தளிர்த்து, ஆண்டிற்கு ஒருமுறையே காய்க்கும். பிரான்ஸ், இத்தாலி முதலிய தேசத்துச் சிறுதோட்டக்காரருக்கு இளவேனிலில் உள்ள பேரச்சம், இளந்தளிரின்மேல் இரவில் விழும் உறைபனியேயாம். நம் பள்ளத்தாக்கிலோ கொடிக்கு உறக்கமே இல்லை. ஆங்கே குளிர் செய்யும் வேலையை ஈண்டுக் கவாத்துக் கத்தரி செய்கின்றது. மார்கழி, தையில் கவாத்துச் செய்த பந்தல் ஏறக்குறைய நான்கு திங்களிற் பழுத்துச் சித்திரை, வைகாசியில் அறுப்புக்கு வரும். வைகாசி, ஆனியில் கவாத்துச் செய்தது ஆவணி, புரட்டாசியில் வரும். இரண்டாண்டில் ஐந்து மகசூல் எடுப்பாரும் உளர். ஆகவே பழம் எந்நாளிற் பழுக்கும் என்பதை இங்கு விதிப்பது வானமன்று, குடும்பத்தலைவனே. அதுவே அவனுக்கு வாய்த்த பேறும், அவன் தலைமேல் ஏறிய சுமையும் ஆகும்.

இளவேனிலில் ஒரு வீட்டில் இருவேறு வேலைகள் வந்து மோதுகின்றன. ஒருபுறம் அறுப்பு. விடியற்காலையிற் பெண்கள் பந்தலின்கீழ்ச் சென்று, கொத்தைக் காம்பாற் பற்றி, பழத்தின்மேற் படிந்துள்ள வெண்பூச்சு கலையாதபடி வெட்டி, நிறமேறாத காய்களையும் வெடித்த பழங்களையும் கத்தரித்து நீக்கிப் பெட்டியில் அடுக்குவர். குனிந்து செய்யும் வேலைக்கு இடுப்பு நோகும். அண்ணாந்து செய்யும் இவ்வேலைக்குக் கழுத்தும் தோளும் நோகும். இப்பெண்களின் கைத்திறமே வியாபாரி காணும் விலை என்று நான் கருதுகிறேன். ஆயினும் தோட்டக்கணக்கில் அவர்கள் உழைப்புக்கு ஒரு வரியும் எழுதுவாரில்லை.

மறுபுறம் அடுத்த மகசூலுக்கான கவாத்து. அறுத்தபின் சின்னாட் கொடியை ஆறவிட்டு எருவிட்டு, நன்கு முற்றிப் பழுப்பேறிய கிளையில் நான்கைந்து கணு நிறுத்தியும், மெலிந்ததில் ஒன்றிரண்டே நிறுத்தியும் வெட்டுவர். பின்னர்க் கிளைகளைக் கம்பியோடு கட்டுவர். இலையிழந்த பந்தலில் அக்கினி நட்சத்திர வெயில் நேரே விழுந்து தாய்க்கொடியின் பட்டையைச் சுடும். தளிர் தோன்றும்வரை நீர் தவறலாகாது.

இனி வானிலை. மேற்கே மலைத்தொடரும் கிழக்கே மேகமலையும் காக்க, நடுவே மழைமறைவிற் கிடக்கும் நிலம் நம்முடையது. காலையில் வானம் தெளிந்திருக்கும், நண்பகலிற் புழுங்கும், பொழுது சாயும் வேளையில் மலைமுகட்டில் மேகம் திரண்டு, காற்றும் இடியுமாக ஒரு நாழிகை கொட்டித் தீர்க்கும். உழவர் யாவருக்கும் அமுதமாகிய இக்கோடைமழை, பழுத்த பன்னீர்த் திராட்சைக்கு நஞ்சு. அதன் தோல் மெல்லியது. உள்ளே சர்க்கரை மிகுந்த பழம், வேர்வழியும் தோல்வழியும் நீரை ஈர்த்துப் பருக்க, தோல் தாங்காது வெடிக்கின்றது. வெடித்த வாயில் ஈ மொய்க்கும், பூஞ்சணம் பற்றும். ஒரு பழம் கொத்தையே கெடுக்கும். நேற்றுவரை விலை பேசிய வியாபாரி இன்று தோட்டத்துப் பக்கமே தலைகாட்டார்.

வைகாசி முடிவில் தென்மேற்குக் காற்றுடன் கணவாய்வழிச் சாரல் வரும். அப்போது இளந்தளிரில் அடிச்சாம்பல் நோய் தோன்றும். இதற்குரிய மருந்தின் வரலாறு சுவையானது. பிரான்ஸ் தேசத்துப் போர்டோப் பகுதியிற் பழம் திருடுவாரை வெருட்டச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்துவைத்தனர். அக்கொடிகளில் மட்டும் இலை உதிராதிருத்தலை 1882-இல் மில்லார்தே என்னும் பேராசிரியர் கண்டு, ஆராய்ந்து, 1885-இல் வெளியிட்டார். கள்வருக்கிட்ட வேலி நோய்க்கு வேலியாயிற்று! நாற்பது லிட்டர் நீருக்குத் துத்தம் 400 கிராம், நீற்றாத சுண்ணாம்பு 400 கிராம். இரும்புப் பாத்திரம் ஆகாது. துத்தநீரைச் சுண்ணாம்புநீரில் ஊற்றிக் கலக்குக. கலவையில் தீட்டிய கத்தியை அமிழ்த்துக. செம்புநிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்க.

நிற்க. நான் வற்புறுத்த வந்தது வேறொன்று. பக்கத்துத் தோட்டத்தான் கத்தரி எடுத்தான் என்று கண்டவுடன் நாமும் எடுக்கிறோம். விளைவு யாது? ஊர்ப்பழம் எல்லாம் ஒரே வாரத்திற் பழுக்கின்றது. ஒரு மழை பெய்தால் எல்லார் முதலும் ஒருங்கே போகின்றது. பெய்யாவிடினோ சந்தை நிறைந்து விலை விழுகின்றது. ஆதலால் ஓர் ஏக்கருடையார் அதனை இரு கூறாக்கிப் பதினைந்து நாள் இடைவிட்டுக் கவாத்துச் செய்க. அரை ஏக்கருடையார் நால்வர் கூடித் தம்முள் முறைவைத்துக் கொள்க. இதற்கு மறுப்பும் உண்டு. பிந்திய பந்தலுக்குத் தெளிக்கும் மருந்து, முந்திய பந்தலின் பழுத்த பழத்திற் படியுமே என்பர். கூலியாட்களை இருமுறை அழைக்கவேண்டுமே என்பர். இரண்டும் மெய்யே. காற்றடங்கிய வேளை பார்த்துத் தெளிப்பதும், நடுவே சில வரிசை விடுவதும் முதலதனை ஓரளவே தணிக்கும். ஆயினும் முழுத்தோட்டத்தையும் ஒரு மழைக்குப் பணயம் வைப்பதினும் இத்தொல்லை சிறிதென்பது என் துணிபு.

2023-ஆம் ஆண்டிற் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே. எனினும் வெடித்த பழத்தை அப்பெயர் விற்றுத் தாராது.

ஆசிரியன் என்னும் முறையில் ஒரு சொல். கோடை மகசூல் முற்றும் காலமும் பிள்ளைகளின் தேர்வுக்காலமும் ஒன்றாய் வருகின்றன. தேர்வெழுதவேண்டிய பையனைப் பெட்டி சுமக்க நிறுத்தாதீர்கள். விடுமுறையில் அவனுக்குக் கத்தரி பிடிக்கக் கற்பியுங்கள். முற்றிய கணுவையும் முற்றாத கணுவையும் பிரித்தறிதல் நல்ல கல்வியே. மருந்து தெளிக்குமிடத்தில் மட்டும் அவன் நிற்கலாகாது.

அடுத்த கூட்டத்திற்கு வரும் ஒவ்வொரு தோட்டக்காரரும், தாம் கவாத்துச் செய்த நாள், தளிர்த்த நாள், கோடைமழை பெய்த நாட்கள், அறுத்த நாள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கொணருமாறு வேண்டுகிறேன். எழுத இயலாதார் சொன்னால் நானே எழுதிக்கொள்வேன். அச்சீட்டுகளை ஒருங்கு வைத்துப் பார்த்தே மார்கழிக் கவாத்துக்கு யார் முன், யார் பின் என்று முறைவகுக்க எண்ணியுள்ளோம்.